வினாத்தாள் அடிக்க லேடெக்: கல்லடியிலிருந்து ஒரு ரியூசன் வாத்தியாரின் அனுபவம்

உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். முன்பு வினாத்தாளில் தொகையீட்டுக் குறிக்கு இடம் விட்டு, பிறகு பேனையால் கீறுவேன். போட்டோகொப்பியில் அது பாதி தெரியாது.

இப்போது டெக்ஸ்டுடியோ என்ற எழுதும் செயலியில் லேடெக். கட்டளைகளோடு தட்டச்சு செய்தால் அச்சுத் தாளாக அடுக்கித் தரும் மென்பொருள் அது. எல்லாம் இலவசம். 1977இல் கணினி அறிஞர் டொனால்ட் குனூத் தொடங்கிய டெக் என்ற அச்சடுக்கு மென்பொருள்தான் இதற்கு அடித்தளம். பின்னம், வர்க்கமூலம் எல்லாம் அச்சுப் புத்தகம் போலவே விழும். கணிதப் பகுதிக்கு முழுப் புள்ளி.

தமிழ்தான் தலையிடி. லேடெக் கோப்பை பிடிஎஃப் ஆக்கும் பழக்கமான நிரலான பிடிஎஃப்லேடெக்கில் ஓட்டினால் எழுத்து வராது, பிழைச்செய்திதான் வரும். யூனிகோட் எழுத்தைக் கையாளும் சீலாடெக் என்ற நிரலுக்கு மாறி, எழுத்துருவைத் தெரிவுசெய்ய உதவும் ஃபொன்ட்ஸ்பெக் என்ற துணைப் பொதியில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் கொடுக்க வேண்டும். அப்போதும் எனக்குக் கொம்பு எழுத்தின் பின்னால் போய் நின்றது. ஸ்கிரிப்ட் என்ற தெரிவில் தமிழ் என்று போடாதது என் பிழை. அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு இரவு!

லேடெக்கை நிறுவ உதவும் தொகுப்பான டெக்லைவை முழுதாக இறக்கினால் பல ஜீபி டேற்றா போகும். மிக்டெக் என்ற இன்னொரு தொகுப்பு தேவையான பொதியை மட்டும் அவ்வப்போது இறக்கும், டேற்றா கார்டுக்காரருக்கு அதுவே சரி. ஒரு அடைப்புக்குறி விட்டாலும் முழுத் தாளும் நிற்கும். முதல் கிழமை கட்டாயம் கோபம் வரும்.