அட்லிப், எம்டி-32, எஸ்சி-55: பழைய டாஸ் விளையாட்டுகளின் இசைக்கு எதை வாங்கலாம்?

பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) விளையாட்டின் செட்டப் திரையைத் திறந்தால் இசைக்கு மட்டும் ஐந்தாறு பெயர்கள் வரிசையாக நிற்கும்: பிசி ஸ்பீக்கர், அட்லிப், சவுண்ட் பிளாஸ்டர், ரோலண்ட் எம்டி-32, ஜெனரல் மிடி, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட். மேலிருந்து கீழே போகப்போகத் தரம் கூடும் என்று நினைத்துக் கடைசியில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பல நேரம் ஏமாற்றம்தான். இசையமைப்பாளர் எந்தக் கருவியை எதிரில் வைத்துக்கொண்டு எழுதினாரோ அதில்தான் அந்த இசை சரியாக உட்காரும். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் அவசரமாக ஒட்டுப்போட்டிருப்பார்கள்.

ஆகவே முதலில் விளையாட்டு, பிறகு கருவி. 1988 முதல் 1992 வரை வந்த சியரா, லூகாஸ்ஆர்ட்ஸ், ஆரிஜின் விளையாட்டுகள் என்றால் ரோலண்டின் எம்டி-32 பெட்டி. 1993-க்குப் பிறகு என்றால் ஜெனரல் மிடி, அதாவது எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று வகுத்த பொதுத் தரம். அதிலும் குறிப்பாக ரோலண்டின் எஸ்சி-55 பெட்டி. 'கமாண்டர் கீன் 4', 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' போன்றவற்றில் அட்லிப் இசை மட்டுமே உண்டு. அங்கே எவ்வளவு விலையுள்ள ரோலண்ட் பெட்டியை இணைத்தாலும் அது சும்மாதான் இருக்கும்.

அட்லிப் வகை: எல்லோருக்கும் முதல் படி

1987-இல் வந்த அட்லிப் அட்டையில் இருந்தது யமஹாவின் ஒய்எம்3812 சிப், ஓபிஎல்2 என்பார்கள். ஒரே நேரத்தில் ஒன்பது குரல்கள், எல்லாம் எஃப்எம் முறையில் (ஓர் ஒலியலையால் இன்னொன்றை மாற்றி) உருவாக்கப்படுபவை. 1989-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டரும் இதே சிப்பைத்தான் வைத்திருந்தது. சவுண்ட் பிளாஸ்டர் புரோ 2-இலும் பல சவுண்ட் பிளாஸ்டர் 16 அட்டைகளிலும் இருப்பது அடுத்த தலைமுறையான ஓபிஎல்3: 18 குரல்கள், ஸ்டீரியோ. காகிதத்தில் இது இருமடங்கு. ஆனால் பெரும்பாலான விளையாட்டுகள் ஓபிஎல்2-க்கு எழுதப்பட்டவை என்பதால், ஓபிஎல்3-இலும் அதே ஒன்பது குரல்கள்தான் கேட்கும்.

இங்கே பார்க்கவேண்டியது அசல் யமஹா சிப்பா, நகலா என்பதுதான். கிரியேட்டிவின் பிற்காலத்து அட்டைகளில், ஏடபிள்யூஇ64 உட்பட, சிக்யூஎம் என்ற மாற்று இருக்கிறது. அதில் டிரம்ஸும் உலோக ஓசைகளும் வேறு மாதிரி வரும். அசலைக் கேட்டுப் பழகிய காது உடனே கண்டுபிடித்துவிடும். ஈஎஸ்எஸ் அட்டைகளில் உள்ள ஈஎஸ்எஃப்எம் அசலுக்கு மிக அருகில் நிற்கிறது. குறைந்த விலையில் கிடைக்கும் கிரிஸ்டல் சிப் அட்டைகளை, எஃப்எம் இசைதான் முக்கியம் என்றால், தவிர்த்துவிடலாம்.

எங்கள் தேர்வு யமஹா ஒய்எம்எஃப்719 வகை ஐஎஸ்ஏ (பழைய கணினிகளின் விரிவாக்கத் துளை) அட்டை. உண்மையான ஓபிஎல்3, சவுண்ட் பிளாஸ்டர் புரோவுக்குப் பொருத்தம், பிசகாத மிடி வெளியீடு, பலவற்றில் 26 ஊசி வேவ்டேபிள் இணைப்பு (பதிவு செய்த வாத்திய ஓசைகள் கொண்ட துணை அட்டைக்கானது) என்று எல்லாம் ஒரே அட்டையில் கிடைக்கின்றன. சவுண்ட் பிளாஸ்டர் 16-இன் 16 பிட் ஒலி மட்டும் இதில் கிடையாது. இது பிளக் அண்ட் பிளே அட்டை என்பதால் டாஸில் தானாக விழிக்காது. கணினி தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் முதலில் பிளாஸ்டர் மாறியை எழுதி (போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, மிடி போர்ட் 330), அதற்குக் கீழே யூனிசவுண்ட் நிரலை அழையுங்கள். அந்த மாறியைப் பார்த்துத்தான் அது அட்டையை அமைக்கிறது. வரிசை மாறினால் அமைப்பும் மாறிவிடும்.

வேகமான பென்டியத்தில் 1990-ஐ ஒட்டிய சில விளையாட்டுகள் 'அட்லிப் இல்லை' என்று சொல்லும். அட்டையில் குறை எதுவும் இல்லை. சிப்பின் டைமரை ஓடவிட்டு, ஏறத்தாழ 80 மைக்ரோ விநாடி கழித்து, போர்ட் 388-இல் பதில் வந்திருக்கிறதா என்று விளையாட்டு பார்க்கிறது. அந்தக் காத்திருப்பை வெறும் சுழற்சி எண்ணி அளந்திருந்தால், வேகமான சிபியு டைமர் முடியும் முன்பே எண்ணி முடித்துவிடும். செட்மல் நிரலால் சிபியுவின் எல்1 கேஷை (உள் வேக நினைவகம்) அணைத்துவிட்டு விளையாட்டைத் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எம்டி-32: தொல்லையும் அதிகம், பலனும் அதிகம்

1987-இல் ரோலண்ட் வெளியிட்ட இந்தப் பெட்டி, ஓசையின் தொடக்கத்துக்கு மட்டும் பதிவு செய்த சிறு துணுக்கை வைத்து, மீதியைச் சின்தசைசர் முறையில் நீட்டுகிறது. மொத்தம் 32 துண்டுக் குரல்கள். ஒரு வாத்தியம் நான்கு துண்டுகள் வரை எடுத்துக்கொள்ளும் என்பதால், கனமான வாத்தியங்களில் எட்டு சுரங்களோடு கொள்ளளவு முடிந்துவிடும்.

இதன் பெருமை உள்ளே இருக்கும் வாத்தியங்களில் இல்லை. விளையாட்டு தன் சொந்த வாத்தியங்களை சிஸ்எக்ஸ் செய்திகளாக (அந்தந்தக் கருவிக்கே உரிய மிடி கட்டளைகள்) அனுப்பி உள்ளே ஏற்றிக்கொள்ள முடியும். கடலலை, கதவு, விண்கல இரைச்சல் எல்லாம் இப்படி வருபவைதான். முகப்பில் உள்ள 20 எழுத்துத் திரையில் விளையாட்டு தன் வாசகத்தையும் காட்டும். 1989-இல் வந்த 'ஸ்பேஸ் குவெஸ்ட் 3' அதில் நம்மிடம் ஒரு பக்கசாய்டு நாணயம் போடச் சொல்கிறது. அந்தச் சின்னத் திரையில் அது ஒளிர்வதைப் பார்க்கும் சுகத்தை வேறெந்த அட்டையும் தராது.

தொல்லைகள் இரண்டு. முதலாவது, பழைய மாதிரிக்கும் புதிய மாதிரிக்கும் உள்ள வேறுபாடு. ஹெட்போன் துளை இல்லாதது பழையது. சிஸ்எக்ஸ் செய்திகள் வேகமாகக் குவிந்தால் அதன் நினைவகம் நிரம்பி, திரையில் பஃபர் ஓவர்ஃப்ளோ என்று காட்டி நின்றுவிடும். வேகமான கணினியில் இது அடிக்கடி நடக்கும். ஹெட்போன் துளை உள்ள புதியதில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தொடக்ககால விளையாட்டுகள் சில பழைய மாதிரியின் குணங்களையே நம்பி எழுதப்பட்டவை. அவை புதியதில் கொஞ்சம் பிசகும்.

இரண்டாவது, கணினியை மிடி பெட்டியோடு இணைக்கும் எம்பியு-401 இடைமுகத்தின் இன்டெலிஜென்ட் மோட், அதாவது நேரக் கணக்கை அட்டையே பார்த்துக்கொள்ளும் முறை. ரோலண்டின் அசல் இடைமுக அட்டையில் இது உண்டு. பின்னால் வந்த சவுண்ட் கார்டுகளில் இருப்பது செய்தியை அப்படியே கடத்தும் யூஏஆர்டி மோட் மட்டும். சியராவின் பெரும்பாலான விளையாட்டுகள் யூஏஆர்டியோடு ஒத்துப்போகும். இன்டெலிஜென்ட் மோட் கேட்பவையோ எம்டி-32 இருப்பதையே கண்டுகொள்ளாது. இதற்குச் செலவில்லாத வழி சாஃப்ட்எம்பியு நிரல். 386 சிபியுவும் இஎம்எம்386 நினைவக நிரலும் வேண்டும். மிடி போர்ட், சவுண்ட் பிளாஸ்டர் போர்ட், ஐஆர்க்யூ மூன்றையும் கட்டளையிலேயே கொடுக்கவேண்டும். பழைய எம்டி-32 என்றால் சிஸ்எக்ஸ் தாமத விருப்பத்தையும் சேர்த்துவிடுங்கள், பஃபர் தொல்லையும் தீரும். டாஸ் எக்ஸ்டெண்டரில் (டாஸின் நினைவக வரம்பைத் தாண்டவைக்கும் நிரல்) ஓடும் விளையாட்டுகளில் இது எடுபடாது. நல்லவேளை, அவை பெரும்பாலும் எம்டி-32 காலத்துக்குப் பிந்தியவை.

எஸ்சி-55-உம் வேவ்டேபிள் அட்டைகளும்

1991-இல் வந்த எஸ்சி-55 ஒரே நேரத்தில் 24 குரல்கள் கொடுக்கும். 1993-இன் எம்கே2 மாதிரி 28. வாத்திய வரிசை ஜெனரல் மிடி தரப்படி இருப்பதால் 'டூம்' போன்ற விளையாட்டுகளில் எந்தத் தலைவலியும் இல்லை. யூஏஆர்டி மோடே போதும். போர்ட் 330 என்று கொடுத்தால் முடிந்தது.

எம்டி-32-க்கு எழுதியதை இதில் ஓட்டவேண்டாம். எஸ்சி-55-இல் எம்டி-32 வாத்திய வரிசை ஒன்று இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் விளையாட்டு அனுப்பும் சொந்த வாத்தியங்களை அது ஏற்காது. கடலலை வரவேண்டிய இடத்தில் ஏதாவது ஒரு வாத்தியம் ஒலிக்கும். எதிர்த்திசையில் போனால் இன்னும் மோசம்: எம்டி-32 இயல்பாக 2 முதல் 10 வரையுள்ள சேனல்களை மட்டுமே கேட்கும். ஜெனரல் மிடி பாட்டின் முதல் சேனலும், 10-க்கு மேற்பட்டவையும் காதிலேயே விழாது. விழுபவையும் தவறான வாத்தியத்தில் வரும்.

வெளிப்பெட்டிக்கு இடமில்லை என்றால் 26 ஊசி இணைப்பில் குத்தும் வேவ்டேபிள் துணை அட்டைகள் நல்ல மாற்று. ஆனால் சவுண்ட் பிளாஸ்டர் 16-இல் பொருத்தும் முன் டிஎஸ்பி (ஒலிச் செயலி) பதிப்பைப் பாருங்கள். 4.11 முதல் 4.13 வரை என்றால், துப்பாக்கிச் சத்தமும் இசையும் சேர்ந்து வரும்போது மிடி செய்தி தவறி, ஏதாவது ஒரு சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். துணை அட்டையை மாற்றிப் பயனில்லை. குறை தாய் அட்டையில். 4.05 இருந்தால் கவலை வேண்டாம்.

கிராவிஸ் அல்ட்ராசவுண்ட்

1992-இல் வந்தது, 32 குரல்கள், நினைவகம் 1 எம்பி வரை ஏற்றலாம். டெமோ நிரல்களுக்கு (இசையும் வரைகலையும் காட்டும் சிறு நிரல்கள்) இது அரசன். விளையாட்டுகளில் நேரடி ஆதரவு குறைவு, ஓபிஎல் சிப் கிடையவே கிடையாது. 'எபிக் பின்பால்' போன்றவற்றுக்காக மட்டும் அசலைத் தேடி அலைவதைவிட, ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சிறு பலகையை வைத்து இயங்கும் பிகோகஸ் என்ற ஐஎஸ்ஏ அட்டை புத்திசாலித்தனம். அதையே எம்பியு-401 ஆகவும் மாற்றலாம். இன்டெலிஜென்ட் மோடும் கிடைக்கும்.

அசல் ரோலண்டா, எம்டி32-பையா?

ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினியில் அல்லது அதற்கு மேற்பட்டதில் ஓடும் எம்டி32-பை, எம்டி-32-ஐப் போலச் செய்யும் முன்ட் நிரலை வைத்து எம்டி-32-ஐயும், சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஓசைகளின் கோப்பு) வழியாக ஜெனரல் மிடியையும் ஒரே பெட்டியில் தருகிறது. டாஸிலிருந்தே ஒரு சிறு சிஸ்எக்ஸ் செய்தியால் இரண்டுக்கும் இடையே மாறலாம். விளையாட்டைத் தொடங்கும் பேட்ச் (.BAT) கோப்பில் போட்டுவிட்டால் கையை நகர்த்தவே வேண்டாம். எம்டி-32-இன் கன்ட்ரோல் ரோம், பிசிஎம் ரோம் இரண்டும் நீங்கள்தான் கொடுக்கவேண்டும்.

எம்டி-32 பகுதியில் அசலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. எஸ்சி-55 பகுதியில் அப்படி இல்லை. எந்த சவுண்ட்ஃபான்டும் அந்தப் பெட்டியை முழுமையாகப் பிடிக்கவில்லை. எனவே காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அசல் எஸ்சி-55-ஐ வாங்குங்கள், எம்டி-32-ஐப் பையிடம் விடுங்கள்.

பையின் சொந்த ஹெட்போன் துளை இரைச்சலானது. ஐ2எஸ் டிஏசி பலகை (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்குவது) ஒன்றைச் சேர்த்து, அமைப்புக் கோப்பிலும் வெளியீட்டை ஐ2எஸ் என்று மாற்றவேண்டும். மிடி உள்ளீட்டுக்கு எச்11எல்1 ஆப்டோகப்ளர் வழியாக பையின் ஜிபிஐஓ 15 ஊசிக்கு இணையுங்கள். அதன் வெளியீட்டை புல்-அப் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டுக்கே இழுக்கவேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் பையின் அந்த உள்ளீடு போய்விடும்.

கணினிப் பக்கத்தில் கேம்போர்ட்டின் (ஜாய்ஸ்டிக் துளை) 12-ஆம் ஊசி மிடி வெளியீடு, 15-ஆம் ஊசி உள்ளீடு. இசை கேட்க முதலாவது போதும். ஒலிப்பெட்டியின் வெளியீட்டைச் சவுண்ட் கார்டின் லைன்-இன்னில் கொடுத்தால் எல்லாம் ஒரே ஸ்பீக்கரில் வரும், கூடவே கார்டின் இரைச்சலும் வரும். சிறிய மிக்சர் ஒன்று இருந்தால் இரண்டையும் அதில் சேருங்கள். பழைய ரோலண்ட் வாங்கும்போது அடாப்டர் இல்லாமல் வந்தால், 9 வோல்ட் டிசி, நடு ஊசி நெகட்டிவ் என்பதைப் பெட்டியின் பின்புறக் குறியோடு ஒப்பிட்ட பிறகே மின்சாரம் கொடுங்கள். கடையில் எளிதாகக் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு ஊசி பாசிட்டிவ்.