ஒரு பாகை திரும்பினால் புள்ளி எங்கே போகும்: ஜியோஜீப்ரா மென்பொருள் மதிப்புரை

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001இல் மார்க்கஸ் ஹோஹென்வார்டர் தமது முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய கணித மென்பொருளான ஜியோஜீப்ரா, இன்று உலாவியிலும் கைபேசியிலும் மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கோணம் சிறிதளவு மாறும்போது ஒரு புள்ளியின் ஆயத்தொலைவுகள் எவ்வளவு மாறுகின்றன என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்குக் கண்ணெதிரே காட்ட இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால், திறந்தவுடன் ஓர் அமைப்பை மாற்றிவிட வேண்டும்.

மென்பொருள் இயல்பாக 2 தசம இடங்களையே காட்டுகிறது. ஆதியை மையமாகக் கொண்டு (1, 0) என்ற புள்ளியை 1° சுழற்றினால் திரையில் (1, 0.02) என்று வரும், எக்ஸ் மதிப்பு மாறவே இல்லை என்று மாணவர் நம்பிவிடுவார். 5 தசம இடங்களுக்கு உயர்த்தியதும் (0.99985, 0.01745) என்று தெரிகிறது. கோணத்தின் மற்றோர் அலகான ரேடியனில் 1° என்பது 0.01745. ஒய் மதிப்பு ஏறத்தாழ அதே அளவு உயர்ந்திருக்க, எக்ஸ் மதிப்போ அதன் வர்க்கத்தில் பாதியான 0.00015 மட்டுமே குறைந்திருக்கிறது. பாடத்தின் உயிர்நாடியே இந்த வேறுபாடுதான். அதை இரண்டு தசம இடங்களில் மறையவிடக் கூடாது.

அடுத்து (3, 4) என்ற புள்ளியை எடுத்துக்கொள்வது நல்லது. சிறு சுழற்சியில் புள்ளி தன் ஆரத்துக்குச் செங்குத்தாக நகர்வதால், எக்ஸ் எவ்வளவு குறையும் என்பதை ஒய் மதிப்பும், ஒய் எவ்வளவு கூடும் என்பதை எக்ஸ் மதிப்பும் தீர்மானிக்கின்றன. 1° சுழற்சிக்கு, அந்த மதிப்புகளைக் கோணத்தின் ரேடியன் அளவால் பெருக்கிக் கணக்கிடும் நேரியல் தோராயம் (2.93019, 4.05236) என்கிறது, மென்பொருள் (2.92973, 4.05175) என்று காட்டுகிறது. கோணத்தை 0.1° ஆக்கினால் இரண்டும் ஐந்தாம் தசம இடத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. கோணம் பத்தில் ஒரு பங்கானால் பிழை நூறில் ஒரு பங்காகிறது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்ள இந்த ஒரு சோதனை போதும்.

ஆரம் நீண்டால் விளைவும் பெருகும். (1000, 0) என்ற புள்ளியை, பாகையில் அறுபதில் ஒரு பங்கான 1 நிமிடம் சுழற்றினால் ஒய் மதிப்பு 0.29 ஆகிறது, அலகு மீட்டர் எனில், ஒரு கிலோமீட்டர் தொலைவில் 29 சென்டிமீட்டர் விலகல். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அளவைக்கு அடிப்படையான நேர்கோட்டை (அடிக்கோடு) அளந்து பெரும் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், கோணங்களைத் துல்லியமாக அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைச் சுமந்து செல்ல வைத்ததன் அவசியம் இந்த எண்ணில் விளங்குகிறது.

பயன்படுத்துவோர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சுழற்றும் கட்டளையில் பாகைக் குறியை விட்டுவிட்டால் 1 என்பது 1 ரேடியனாகக் கொள்ளப்பட்டு, புள்ளி 57 பாகைக்கும் மேல் தாவிவிடும். கைபேசியில், கோணத்தை மாற்றும் நகர்த்துகோலான ஸ்லைடரை விரலால் நகர்த்தும்போது சிறு கோணங்களில் துல்லியம் கிடைப்பதில்லை. கணினியில் ஸ்லைடரின் படியை 0.1° என வைத்து, அம்புக்குறி விசைகளால் ஒவ்வொரு படியாக நகர்த்துவதே சரியான வழி.