புதைப்பதா, எரிப்பதா, கொடுப்பதா: குன்னூரில் எங்கள் வீட்டுப் பேச்சு

போன ஜூலையில் எங்கள் எஸ்டேட்டின் பக்கத்து லைன் வீட்டுப் பெரியவரை எரித்துவிட்டு வந்த அப்பா, நனைந்த மப்ளரை அடுப்படியில் காயப்போட்டபடி, "எனக்கு இப்படி வேண்டாம்பா" என்றார். அன்று மழையில் விறகு பிடிக்கவே இல்லை. மூன்று முறை மண்ணெண்ணெய் ஊற்றினோம். கொள்ளி வைத்த மகன் நடுங்கிக்கொண்டு நின்றது கண்ணைவிட்டுப் போகவில்லை.

"விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு?" என்று அம்மா அதட்டினார். ஆனாலும் அன்றே பேசிவிட்டோம்.

விறகுச் சிதை எங்கள் மலைக்கு ஒத்துவராது என்பதே என் கருத்து. ஓர் உடலுக்கு 300 கிலோவுக்குக் குறையாமல் காய்ந்த விறகு வேண்டும். ஜூனில் தொடங்கும் மழை, வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நவம்பர் வரை இழுக்கும். எரிவாயு மயானத்துக்கு அந்தக் கவலை இல்லை, எஸ்டேட்டிலிருந்து வண்டிதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அடக்கம் செய்வதென்றால் தோளிலேயே தூக்கிப் போய்விடலாம். மழைநாளில் குழியில் தண்ணீர் ஊறும், சரிவில் ஆழமாக வெட்ட ஆள் வேண்டும். ஆனால் போய் நின்று ஒரு பூ வைக்க இடம் இருக்கும். அம்மாவுக்கு அதுதான் பெரிது.

அப்பா கேட்டது உடல் தானம். முன்பெல்லாம் கோவைக்கு இறங்கியாக வேண்டும். 2022 முதல் ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் பொதுவாக வாங்கமாட்டார்கள். அதனால் இதை நம்பி மட்டும் இருக்க முடியாது, இரண்டாவது ஏற்பாடாக எரிவாயு மயானம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். கண்தானத்துக்கு எந்த முறையும் தடையில்லை. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"உடம்பைக் கொடுத்துட்டா சாங்கியம் எப்படிடா?" என்றார் அம்மா. நீர்மாலை, கோடி எல்லாம் வீட்டிலேயே முடித்து அனுப்பலாம், பதினாறாம் நாள் படத்துக்குப் படைக்கலாம் என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை.

அப்பா படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும், அந்த நேரத்தில் உடலை ஒப்படைப்பது நாங்கள்தான். ஒருவர் மறுத்தாலும் நின்றுபோகும். அதனால் படிவம் பீரோவில் ரேஷன் கார்டோடு காத்திருக்கிறது. திருப்பூரிலிருந்து அக்கா பொங்கலுக்கு வருகிறாள். அவளிடம் அப்பாவே பேசுகிறேன் என்றிருக்கிறார்.