35 டிகிரியா, 60 டிகிரியா? ஓடும் காருக்கு வானொலி அனுப்பிய இரு வழிகள்

செயற்கைக்கோள் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் பலரும் அதன் சக்தியைத்தான் குறை சொல்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஏற்றக்கோணத்தை. அடிவானம் 0 டிகிரி, நேர் உச்சி 90 டிகிரி என்றால், செயற்கைக்கோள் இவற்றுக்கு இடையே எங்கே நிற்கிறது? அமெரிக்காவில் 2000-களின் தொடக்கத்தில் கார்களுக்கு ஒலிபரப்பத் தொடங்கிய எக்ஸ்எம், சிரியஸ் என்ற இரு போட்டி நிறுவனங்களும் இந்தக் கேள்விக்கு நேரெதிர் விடைகளைத் தேர்ந்தெடுத்தன.

எக்ஸ்எம் நிலநடுக்கோட்டுக்கு மேலே, மேற்கு 85, 115 டிகிரி தீர்க்கரேகைகளில் புவிநிலைச் செயற்கைக்கோள்களை நிறுத்தியது. அவை வானில் இடம் மாறுவதில்லை. ஆனால் வடக்கே போகப் போகத் தாழ்ந்துகொண்டே வரும்: மயாமியில் 59 டிகிரி, சியாட்டிலில் 35 டிகிரிதான். (சென்னையிலிருந்து கிழக்கு 83 டிகிரியில் உள்ள செயற்கைக்கோள் 74 டிகிரி உயரத்தில் தெரிகிறது. அதனால் இந்தத் தொல்லை நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.)

சாலைக்குத் தெற்கே 30 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 35 டிகிரியில் வரும் சிக்னலுக்கு அதன் மறைவு 43 மீட்டர் நீளும், தெருவையே விழுங்கிவிடும். 60 டிகிரியில் வந்தால் 17 மீட்டரோடு முடிந்துவிடும். நகரங்களில் எக்ஸ்எம் நூற்றுக்கணக்கான தரைவழி மறு ஒலிபரப்பு நிலையங்களை நம்ப வேண்டியிருந்ததற்கு இதுதான் காரணம். சிரியஸுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

சிரியஸ் 2000-இல் ஏவிய மூன்று செயற்கைக்கோள்களும் நிலநடுக்கோட்டுத் தளத்துக்கு 63.4 டிகிரி சாய்ந்த நீள்வட்டப் பாதையில் சுற்றின. வடக்கே உச்சத்தில் மெதுவாக நகர்வதால், ஒவ்வொன்றும் நாளில் சுமார் 16 மணி நேரம் வட அரைக்கோளத்தில் இருக்கும். உச்சத்தில் அவை ஏறத்தாழ 47,000 கி.மீ. உயரத்தில் இருந்தன, எக்ஸ்எம்மின் 35,786 கி.மீ. உயரத்தை விட இது அதிகம். அப்படியிருந்தும் ஏற்றக்கோணம் சுமார் 60 டிகிரி என்பதால் மறைவு குறைந்தது. காரின் ஆன்டெனா வானம் முழுவதையும் பார்ப்பதால், செயற்கைக்கோள் நகர்ந்தாலும் எதையும் திருப்ப வேண்டியதில்லை.

வட மாநிலங்களில் கார் ஓட்டுபவருக்கு நான் தயங்காமல் சிரியஸைச் சொல்லியிருப்பேன். மயாமிக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். வீட்டில் கேட்பவருக்கோ எக்ஸ்எம்தான்: தெற்கு பார்த்த ஜன்னலில் ஆன்டெனாவை ஒருமுறை வைத்தால் போதும். சிரியஸ் தலைக்கு மேலே நிற்பதால் கூரையே மறைக்கும். நகர்வதால் காலையில் கிடைத்த மூலையில் மாலையில் கிடைக்காமலும் போகலாம். 2008-இல் இரு நிறுவனங்களும் இணைந்தன. அடுத்த ஆண்டு ஏவப்பட்ட சிரியஸின் புதிய செயற்கைக்கோள் புவிநிலைப் பாதைக்கே சென்றது.