பார்வையற்ற பிள்ளைகளுக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பார்வையற்ற மாணவர்களுக்கென்று ‘ஸ்பெஷல் கம்ப்யூட்டர்’ தருகிறோம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். சாதாரண விண்டோஸ் லேப்டாப், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர், ஒரு ஹெட்செட். படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு போதும். இது தெரியாத குடும்பமாகப் பார்த்துத்தான் கறக்கிறார்கள்.

என் அக்கா மகள் பி.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லை, டைப்பிங் நன்றாக வரும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் லேப்டாப் வாங்கினோம். அதன் விலை போக, ‘பேசும் சாஃப்ட்வேர், ஃபுல் வெர்ஷன், லைஃப்டைம்’ என்று 15,000 ரூபாய். பிரெயில் ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டு என்று இன்னும் 2,000. எஃப், ஜே விசைகளில் இருக்கும் சின்ன மேட்டைத் தடவியே கை வைக்கிற பெண்ணுக்கு அந்த ஸ்டிக்கர் எதற்கு? கடைக்காரர் தானே ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். கணீரென்று ஆங்கிலத்தில் வாசித்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது தொல்லை. அசைன்மென்ட் பாதி அடித்திருப்பாள், குரல் பட்டென்று நின்றுவிடும். “மாமா, மறுபடியும் வாய மூடிக்கிச்சு” என்று கூப்பிடுவாள். குரல் போய்விட்டால் எந்த வரியில் இருக்கிறோம், அடித்தது சேமிப்பானதா என்று எதுவும் அவளுக்குத் தெரியாது. கடைக்கு போன் போட்டால், “சூடாகுது சார், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாயிடும்” என்பார்கள். அப்படிச் செய்தால் சரியாகவும் ஆகிவிடும்.

கல்லூரியில் அவளுடைய சீனியர் ஒருவர், அவரும் பார்வையற்றவர்தான், லேப்டாப் ஆன் ஆனதும் வந்த ஆங்கில அறிவிப்பைக் கேட்டுவிட்டு உடனே சொன்னார்: “இது லைசென்ஸ் இல்லாத ஜாஸ், மா.” ஜாஸ் (JAWS) என்பது காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டிய ஒரு ஸ்க்ரீன் ரீடர். கடையில் அந்த அறிவிப்பைத்தான் “வெல்கம் மெசேஜ், என்டர் தட்டிடு” என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். லைசென்ஸ் போடாத ஜாஸ் 40 நிமிடம் பேசும். அப்புறம் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தால்தான் அடுத்த 40 நிமிடம். பழகிப் பார்க்கட்டும் என்று அந்த நிறுவனமே இலவசமாகத் தருவது அது. ஜாஸ் நல்ல மென்பொருள், முறையாக லைசென்ஸ் வாங்கியவர்கள் நிம்மதியாக வேலை பார்க்கிறார்கள். இலவசமாகக் கிடைப்பதைப் போட்டுக் கொடுத்து 15,000 வாங்கி, சூடாகிறது என்று ஒரு குழந்தையிடம் புளுகினார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தத் தம்பியே என்விடிஏ (NVDA) என்ற இன்னொரு ஸ்க்ரீன் ரீடரைப் போட்டுக் கொடுத்தார். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, முழுக்க இலவசம், நேர வரம்பும் கிடையாது. தமிழ் இதில் வராது என்று கடையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். என்விடிஏ-உடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கிறது. கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும். விண்டோஸில் தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொண்டால் ‘வள்ளுவர்’ என்ற குரல் கிடைக்கும், அது கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் யூனிகோடில் அடித்த தமிழாக இருக்க வேண்டும். பாமினி என்ற பழைய ஃபான்டில் அடித்த நோட்ஸ் கொடுத்தால் ‘அம்மா’ என்பதை எம், கே, செமிகோலன் என்று உளறும். ஆசிரியர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

வாங்கப் போகும்போது பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸிலேயே இருக்கும் நரேட்டர் பேசத் தொடங்கும், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. என்விடிஏ-வைப் பென்டிரைவில் வைத்தும் ஓட்டலாம். கடையிலேயே செருகி, பிள்ளை கையால் அரைமணி நேரம் அடித்துப் பார்க்கட்டும். கடைக்காரர் அடித்துக் காட்டுவது கணக்கில் சேராது. பழைய வகை ஹார்டு டிஸ்க் இருக்கும் லேப்டாப் வேண்டாம். எங்களுக்குத் தள்ளிவிட்டது அதுதான். விசையை அழுத்திவிட்டுக் குரலுக்காகக் காத்திருப்பது அவளுக்குப் பெரிய வேதனையாக இருக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி, கூடவே 8 ஜிபி ரேம் கேளுங்கள். ஹெட்செட் வயர் உள்ளதாக இருக்கட்டும், புளூடூத்தில் சில சமயம் முதல் எழுத்து முழுங்கிப் போகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “சாஃப்ட்வேருக்கு ரிட்டர்ன் இல்லை” என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். அவர்கள் கேட்டது பில். எங்கள் பில்லில் ‘லேப்டாப், ஆக்சஸரீஸ்’ என்று மட்டும்தான் இருக்கிறது. சாஃப்ட்வேருக்குத் தனியாக அனுப்பிய ஜிபே பதிவை வைத்துத்தான் இப்போது வாதாடிக்கொண்டிருக்கிறோம். ஸ்க்ரீன் ரீடருக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் அதன் பெயரும், லைசென்ஸ் யார் பெயரில், எத்தனை காலத்துக்கு என்பதும் ஜிஎஸ்டி பில்லில் தனி வரியாக வரவேண்டும். எழுதித் தர யோசித்தால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.