மலையகத்து வீட்டுக்கு எந்த ஆட்டோமேஷன்? டயல் டைமர், ஸ்மார்ட் லைஃப், ஹோம் அசிஸ்டன்ட்

நுவரெலியாப் பக்கம் கரண்ட் பில்லை ஏற்றுவது ஏசி இல்லை, சுடுதண்ணீர். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊரில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். கீசர் தொட்டியில் தண்ணீர் 60 பாகையில் நின்றால் வெளிக்காற்றோடு 44 பாகை வித்தியாசம். கொழும்பில் 28 பாகை என்று வைத்தால் வித்தியாசம் 32. தொட்டியிலிருந்து வெளியேறும் சூடு இந்த வித்தியாசத்துக்கு ஏற்பக் கூடும். ஆக, அதே கீசர் இங்கே சும்மா நிற்கும்போதே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இழக்கிறது.

அதனால் மிச்சம் பிடிக்க வழி, கீசரைத் தேவையான நேரத்தில் மட்டும் தானாகப் போட்டு அணைப்பதுதான். விளக்கின் நிறம், குரல் கட்டளை இதையெல்லாம் வைத்து அதற்கான மென்பொருளை எடை போடுவது நமக்கு உதவாது. நான் பார்ப்பது இரண்டே விஷயம். இன்டர்நெட் போனால் என்ன ஆகும்? கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுவது இங்கே புதிதில்லை.

முதலில் டயல் டைமர். வட்டத்தைச் சுற்றி ஊசிகளை அழுத்தி நேரம் குறிக்கிற, மென்பொருளே இல்லாத பழைய சாமான். இன்டர்நெட் பற்றி அதற்குக் கவலை இல்லை. குறை ஒன்றுதான்: கரண்ட் இரண்டு மணி நேரம் போனால் டயலும் இரண்டு மணி நேரம் பிந்திவிடும். யாராவது திருப்பி வைக்க வேண்டும். காலை 5 மணிக்குச் சூடாக வேண்டிய தண்ணீர் 7 மணிக்குச் சூடானால் பிள்ளைகள் பச்சைத் தண்ணீரில்தான் பள்ளிக்கூடம் புறப்பட வேண்டும்.

ஸ்மார்ட் லைஃப், துயா கம்பனியின் செயலி. சுவர் சொக்கெற்றில் செருகி, போனிலிருந்தே போட்டு அணைக்கக்கூடிய மலிவு வைஃபை பிளக்குகள் (ஸ்மார்ட் பிளக்) கடைகளில் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை இதில்தான் ஓடும். போனில் பத்து நிமிடத்தில் பூட்டிவிடலாம், மின்சாரத்தை அளக்கும் பிளக்காகப் பார்த்து வாங்கினால் எது எத்தனை யூனிட் தின்கிறது என்பதும் தெரியும். ஆனால் இந்தப் பிளக்குகளுக்குள் பற்றரி வைத்த கடிகாரம் கிடையாது. நேரத்தை இன்டர்நெட்டிலிருந்துதான் எடுக்கும். கரண்ட் வந்து, ரவுட்டருக்கு சிக்னல் வராமல் இருந்தால் பிளக்குக்கு மணி என்னவென்றே தெரியாது. அப்போது அட்டவணையும் ஓடாது. வாங்கியவுடன் செய்ய வேண்டியது: கரண்ட் திரும்பும்போது பிளக் எந்த நிலையில் எழ வேண்டும் என்ற அமைப்பைத் திறந்து, கீசருக்கு ‘ஓஃப்’ என்று வையுங்கள். இல்லாவிட்டால் பகல் 11 மணிக்குக் கரண்ட் வந்ததும் ஆளில்லாத வீட்டில் கீசர் தானாக எழுந்து மாலைவரை சூடாகவே நிற்கக்கூடும்.

ஹோம் அசிஸ்டன்ட் வேறு ரகம். 2013இல் பவுலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் இது. எது எப்போது எரிய வேண்டும், அணைய வேண்டும் என்று நாம் எழுதும் விதிகள் எல்லாம் வீட்டுக்குள் இருக்கும் சிறு கணினியிலேயே ஓடும். ஸிக்பீ (வைஃபை இல்லாமல் தனி ரேடியோ அலையில் பேசும் முறை) சென்சர்களோ, டாஸ்மோட்டா என்ற திறந்த மூல மென்பொருள் போட்ட பிளக்குகளோ சேர்த்தால் இன்டர்நெட் இல்லாமலும் வேலை நடக்கும். துயா பிளக்கையே இதனோடு இணைத்தால் அந்தப் பலன் கிடைக்காது, ஏனென்றால் அதிகாரபூர்வ துயா இணைப்பு கம்பனியின் சேர்வர் வழியாகத்தான் போகிறது.

எதில் ஓட்டுவது? உள்ளங்கை அளவுச் சிறு கணினியான ராஸ்பெரி பை 4 சுமார் 4 வாட், மாதம் 3 யூனிட்டுக்குள். ஆனால் அதற்கும் கடிகாரம் இல்லை, திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்ட் கெடவும் கூடும். பை 5இல் கடிகாரம் உண்டு, பற்றரி தனியாக வாங்க வேண்டும். பழைய லெப்டொப்பில் கடிகாரமும் பற்றரியும் கூடவே வரும், ஆனால் 15 வாட் என்றால் மாதம் 11 யூனிட் அளவு போய்விடும். மிச்சம் பிடிக்கப் போட்ட கணினியே அதைச் சாப்பிட விடக்கூடாது. நான் பை 5ஐத்தான் சொல்வேன், சின்ன யுபிஎஸ் ஒன்றோடு.

இதே வேலைக்கு 2010இல் வந்த இன்னொரு திறந்த மூல மென்பொருளான ஓப்பன்ஹாப் உறுதியானது, அதுவும் வீட்டுக்குள்ளேயே ஓடும். ஜாவா நிரல்மொழி தெரிந்தவருக்குப் பிடிக்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லமாட்டேன்.

ஹோம் அசிஸ்டன்ட் உண்மையிலேயே முந்துவது அலுமாரியில். துணியில் பூஞ்சணம் பிடிக்காமல் உள்ளே 40 வாட் குண்டு பல்பு ஒன்றை இரவு பகலாக எரிய விடுகிற வீடுகளை நினைத்துப் பாருங்கள். மாதம் 28.8 யூனிட்! 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கட்டண வரிசைக்குப் போகிற நாட்டில் இது சின்ன விஷயமில்லை. பொத்தான் பற்றரியில் ஓடும் ஈரப்பத சென்சர் ஒன்றை உள்ளே வைத்து, 75 சதவீதத்தைத் தாண்டினால் பல்பு எரியட்டும், 65க்கு இறங்கினால் அணையட்டும் என்று எழுதலாம். வெயில் நாட்களில் பல்பு எரியவே தேவையிருக்காது. டயல் டைமரால் இது முடியாது. ஸ்மார்ட் லைஃபில் எழுதலாம்தான், ஆனால் வைஃபை சென்சரும் வைஃபை பிளக்கும் என்றால் விதி கம்பனி சேர்வரில் ஓடும். மழை கொட்டி இன்டர்நெட் லைன் போகிற நாளில்தான் அது நின்றுவிடும், ஈரம் கூடுவதும் அன்றுதான்.

சரி, எதை வாங்குவது? வீட்டில் ஒருவருக்காவது இதில் ஆர்வம் இருந்து, அவர் வீட்டிலேயே இருப்பவராகவும் இருந்தால் ஹோம் அசிஸ்டன்ட். மகன் கொழும்பில், ஹற்றனில் அம்மாவும் அப்பாவும் மட்டும் என்றால் அதைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். கெட்டுப்போனால் அவர்கள் யாரைக் கேட்பார்கள்? அங்கே டயல் டைமரே நல்லது, திருப்பத் தெரிந்தால் போதும். வாடகை வீட்டுக்கு ஸ்மார்ட் லைஃப். ஒரு பல்பும் கேத்தலும் மட்டும் உள்ள லயத்து வீட்டுக்கு இவை எதுவும் வேண்டாம், எல்ஈடி பல்பு வாங்கினால் போதும்.

எதை எடுத்தாலும் இரண்டு எச்சரிக்கை. மிச்சம் பிடிக்க கீசர் வெப்பநிலையை 60க்குக் கீழே இறக்கி வைக்காதீர்கள், வெதுவெதுப்பான தொட்டியில் லெஜியோனெல்லா கிருமி வளரும். நேரத்தை மட்டும் குறையுங்கள். 2000 வாட் கீசர் இழுப்பது 9 அம்பியர் அளவு, ஆகவே 10 அம்பியர் பிளக்கை விட்டு 16 அம்பியர் உள்ளதையே வாங்குங்கள். 3500 வாட்டுக்கு மேல் இழுக்கும் உடனடி ஷவர் ஹீட்டரை எந்த ஸ்மார்ட் பிளக்கிலும் மாட்டவே கூடாது. அதற்கு மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுத் தனி வயரும் கொன்டாக்டரும் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள்.