நீடாமங்கலம் கேட் பக்கத்து டீக்கடை: டீ சுமார், பெஞ்சு பிரமாதம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. நெல் ஏற்றும் கூட்ஸ் குறுக்கே நின்றுவிட்டால் தஞ்சாவூர் பஸ், திருவாரூர் பஸ் எல்லாம் வரிசை கட்டிவிடும். அந்த நேரத்தைக் கழிக்கத் தோதான கடை இது. போர்டு கிடையாது. தார்ப்பாய், இரண்டு நீள பெஞ்சு, கயிற்றில் தொங்கும் பேப்பர்கள். தினத்தந்தியோடு முரசொலி, தீக்கதிர், அ.தி.மு.க. ஏடு என்று எல்லாம் வரும். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் தனக்குப் பிடிக்காத பேப்பரும் கண்ணில் படும்.

டீக்குக் காலை ஆறரைக்குள் போய்விட வேண்டும். எட்டு மணிக்கு மேல் அதே தூள் பையைக் கொதிக்க விட்டே ஊற்றுவதால் கசப்பு ஏறும். அதை மறைக்கச் சர்க்கரையும் ஏறும். புதுத் தூள் கேட்டால் முகம் சுளிக்காமல் போடுவார். கீரை வடை நன்று. பஜ்ஜி வேண்டாம்: மாவு தளர்வு, எண்ணெய் காய்வதற்குள் போட்டுவிடுகிறார், பிழிந்தால் விளக்கேற்றலாம்.

கடையின் உண்மையான சரக்கு பெஞ்சில் நடக்கும் பேச்சுதான். கரைவேட்டி எதுவானாலும் நிதானமாகப் பேசுகிற இரண்டு மூன்று பேர் தவறாமல் உட்கார்ந்திருப்பார்கள். 'மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு' என்று அண்ணா சொன்னதை மேடையில் சொல்லாத கழகத்துக்காரர் இல்லை. முகர்ந்து பார்ப்பவர் குறைவு. இங்கே அது நடக்கிறது.

நெல் கொள்முதல் பற்றிய பேச்சில் ஒரு அ.தி.மு.க. பெரியவர் தி.மு.க.காரரிடம் சொன்னது: "ஈரப்பதம் 17 சதவீதங்கிறது டெல்லி போட்ட கணக்கு மாப்ள, அதுக்கு உங்க ஆளுங்கள குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா சாக்கு வரல, லாரி வரல, மூட்டை மழையில முளைக்குது பாரு, அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்." நிதானக்காரரை அடையாளம் காண இதுவே சோதனை. பழியைப் பிரித்து, எது யார் தலையில் என்று சொல்கிறாரா பாருங்கள். ஈரப்பத வரம்பில் தளர்வு கேட்டு எழுதுவது மாநிலம், கொடுப்பது ஒன்றிய அரசு. இது தெரியாமல் கத்துகிறவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

அடுத்த சோதனை காவிரி. 2007 நடுவர் மன்றத் தீர்ப்பில் கர்நாடகம் தமிழகத்துக்கு விட வேண்டியது 192 டி.எம்.சி.; 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. "விட்டுக் கொடுத்துட்டாங்க" என்பதோடு நிறுத்துகிறவரை விடுங்கள். குறைந்த 14.75இல் 10 டி.எம்.சி. நம் நிலத்தடி நீரைக் கணக்கில் காட்டியும், 4.75 பெங்களூரு குடிநீருக்காகவும் போனது என்று விவரிக்கிறவர் எந்தக் கட்சியானாலும் பக்கத்தில் உட்காருங்கள். கடைமடையில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும்போது அந்த 10 டி.எம்.சி. கணக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி அவரிடமிருந்துதான் வரும்.

தன் கட்சிக்குச் சங்கடமானதை ஒப்புக்கொள்கிறாரா என்பது கடைசி. டெல்டா விளைநிலத்தைக் காக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020இல் அ.தி.மு.க. ஆட்சியில் வந்தது. 2023இல் டெல்டா பக்கத்து வடசேரி, மைக்கேல்பட்டி ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது தி.மு.க. அரசு அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் பிரதமருக்கு எழுதியது. பா.ஜ.க. மாநிலத் தலைமையும் விலக்கு கேட்டது, பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மூன்று தரப்பும் இதை முணுமுணுக்காமல் சொல்கிற பெஞ்சு டெல்டாவில் அதிகமில்லை.

குறைகளும் உண்டு. தலையங்கப் பக்கத்தை யாராவது உருவிக்கொண்டு போய்விடுவார்கள். ஏழு மணிக்கு முன் போனால்தான் பேப்பர் முழுசாகக் கிடைக்கும். டி.வி. போட்டுவிட்டால் பேச்சு செத்துவிடும், சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நிதானக்காரர்கள் பிரச்சாரத்துக்குப் போய்விடுகிறார்கள், பெஞ்சில் கத்துகிறவர்கள் மட்டும்தான். அந்த வாரங்களில் பார்சல் வாங்கிக்கொண்டு கிளம்புவது உத்தமம். கவரில் வாங்காமல் சொந்த பிளாஸ்க் கொண்டுபோனால் ஒரு கிளாஸ் கூடுதலாகவே ஊற்றுவார்.